நாற்காலியில் எட்டு நிமிடம்

பாபினில் நூல் சுற்ற எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. உறையூரில் வீட்டுத் திண்ணையிலேயே மிஷின் போட்டு இருபத்திரண்டு வருடமாக பிளவுஸ் தைக்கிறேன். மூன்றாவது கீமோ முடிந்த அடுத்த வாரம், ஒரு நாள் பாபினைக் கையில் எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சுற்ற வேண்டும் என்று தெரிகிறது, கை போகவில்லை. வலி கிடையாது, மயக்கம் கிடையாது. கால் மணி நேரம் கழித்து மகள் வந்து, "அம்மா, ஏன் அப்படியே உக்காந்திருக்க?" என்று கேட்டபோது பதில் சொல்லவும் சோம்பலாக இருந்தது. அழலாம் என்றால் அதற்கும் தெம்பு வேண்டுமே.

எனக்கு அப்போது 46 வயது. இடது மார்பில் கட்டி, புற்றுநோய். மார்பை எடுத்து, அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அப்புறம் 21 நாளுக்கு ஒன்றாக நான்கு முறை அந்தச் சிவப்பு நிறக் கீமோ மருந்து. அடுத்து வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு முறை பாக்ளிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்து. பிறகு 15 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு. இப்போது தினம் ஒரு டமாக்ஸிஃபென் மாத்திரை, நோய் திரும்பாமல் இருக்க. முடி கொட்டும், வாந்தி வரும், வாய் புண்ணாகும் என்று எல்லோரும் முன்னமே சொல்லிவிட்டார்கள், தயாராக இருந்தேன். இந்த அசதியைப் பற்றித்தான் யாரும் சொல்லவில்லை. கேட்டபோது, "எல்லாருக்கும் இருக்கும்மா, போகப் போகச் சரியாயிடும்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். அந்த அசதியையும் கெட்டுப்போன தூக்கத்தையும் மெதுவான பயிற்சிகளை வைத்து எப்படிச் சமாளித்தேன் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் விடிய விடிய தைத்தும் களைத்திருக்கிறேன். அந்தக் களைப்பு ஒரு நல்ல தூக்கத்தில் போய்விடும். இது தூங்கினாலும் போகாது. பத்து மணி நேரம் படுத்து எழுந்தாலும் படுக்கும்போது இருந்த அதே கனம் உடம்பில் அப்படியே இருக்கும். பகலெல்லாம் கண் சொருகும், ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்ததும் கண் திறந்துகொள்ளும். மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தபடி மூன்று மணி, நான்கு மணி, பால்காரர் மணி.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான்: படு. "நீ படு, நான் பாத்துக்கறேன்" என்று அவர். "எந்திரிக்காத தாயி" என்று அத்தை. மாதுளம் ஜூஸ், கேழ்வரகுக் கஞ்சி, ஆட்டுக்கால் சூப். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் படுக்கப் படுக்க எழுந்திருக்கும் தெம்பு குறைந்துகொண்டே வந்தது. நான்காவது கீமோவுக்குள் கழிவறைக்குப் போய்வந்தால் மூச்சு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டேன்.

உடற்பயிற்சியைப் பற்றிச் சொல்லும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். அசதி என்றதும் நேராக மூச்சுப் பயிற்சிக்குப் போய்விடாதீர்கள். முதலில் ரத்தம் பாருங்கள். எனக்கு ஹீமோகுளோபின் 8.6தான் இருந்தது. அதைக் கவனிக்காமல் என்ன ஆசனம் போட்டாலும் வீண்தான். தைராய்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வலி, மனச்சோர்வு, சாப்பாடு இறங்காமை எதுவாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நமக்குத்தான் டாக்டர் அறைக்குள் போனதும் எல்லாம் மறந்துவிடுமே. நான் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போவேன்.

தூக்கத்துக்கும் அப்படி ஒரு காரணம் இருந்தது. கீமோவோடு டெக்ஸாமெதசோன் என்று ஒரு ஸ்டீராய்டு கொடுப்பார்கள், வாந்தி வராமல் இருக்க. எனக்கு வீட்டுக்கும் இரண்டு நாளைக்கு மாத்திரை தந்திருந்தார்கள். காலை ஒன்று, ராத்திரி ஒன்று. அந்த மருந்து ஆளை முறுக்கி விழிக்க வைக்கும் என்பது எனக்குத் தெரியாது. ராத்திரி எட்டு மணிக்குப் போட்டுவிட்டு, ஏன் தூக்கம் வரவில்லை என்று சாமியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரைக் கேட்டதும் இரண்டாவது மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொள்ளச் சொன்னார். அந்த இரண்டு இரவுகள் கொஞ்சம் பரவாயில்லை ஆனது. நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள், நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கேளுங்கள்.

இப்போது நான் பட்ட கதை. பக்கத்துத் தெருவில் ஒரு யோகா வகுப்பு. பக்கத்து வீட்டு அக்கா கூட்டிக்கொண்டு போனார். அன்று கீமோ போட்டுப் பத்தாவது நாள். வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும் நாட்கள் அவை என்று பின்னால்தான் தெரிந்தது. முப்பது பேர் இருந்த ஹாலில் போய் உட்கார்ந்ததே தப்பு. மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஒண்ணும் கவலைப்படாதீங்க, வேர்வைல மருந்தோட விஷமெல்லாம் வெளிய போயிடும்" என்றார். பன்னிரண்டு சூரிய நமஸ்காரம். அதற்குமேல் நூறு கபாலபாதி, வேகவேகமாக மூச்சை வெளியே தள்ளும் பயிற்சி. ஏழாவது நமஸ்காரத்திலேயே கண் இருட்டியது. நிறுத்த வெட்கம், என்னைவிட வயதானவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து படுத்தவள் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. இடது அக்குளில் தையல் போட்ட இடம் சுண்டி இழுத்தது. அவர் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். அவருக்குத் தெரிந்தது நல்ல உடம்பு மட்டும்தான்.

அதோடு யோகா என்றாலே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். மனதை மாற்றியது மணப்பாறை அக்கா. பெயர் இருக்கிறது, ஆனால் கீமோ வார்டில் நாங்கள் எல்லோரும் ஊர்ப் பெயர்தான். எனக்கு முன்னாலேயே வைத்தியத்துக்கு வந்தவர். அவருக்கு முதுகெலும்பு வரை பரவியிருந்தது. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடி, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, ரொம்ப மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். "என்னக்கா, தூங்குறீங்களா?" என்றேன். "இல்லடி, தையல் மிஷின் ஓட்டுறேன்" என்றார் சிரிக்காமல். அப்புறம் விளக்கினார்: "பிசியோ தம்பி சொல்லிக் குடுத்தது. இதைச் செஞ்சா ராத்திரி கொஞ்சம் கண்ணசருது. நீயும் போய்க் கேளு."

பிசியோதெரபி தரும் அந்தத் தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. போனதும் பயிற்சி எதுவும் சொல்லித்தரவில்லை, கேள்விதான் கேட்டார். இப்போது அசதிக்குப் பத்துக்கு எத்தனை மார்க்? எட்டு என்றேன். காய்ச்சல் உண்டா, கடைசி ரத்தப் பரிசோதனை என்ன, எங்கே எலும்பு வலி, கையில் வீக்கம் உண்டா, ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா? எல்லாம் கேட்டுவிட்டு, "அக்கா, தினம் எட்டு நிமிஷம். ஒன்பது ஆகக்கூடாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டு நிமிடத்தில் என்ன ஆகிவிடும்?

சக்கரமில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். முதுகு சாயாமல் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில். முதல் இரண்டு நிமிடம் மூச்சு மட்டும்: மூக்கால் நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. அடக்கிப் பிடிக்கக்கூடாது. நாலு முடியாவிட்டால் மூன்றும் நாலும். அடுத்தது குதிகாலைத் தூக்கி இறக்குவது, விரல்களைத் தூக்கி இறக்குவது. அதுதான் மணப்பாறை அக்காவின் தையல் மிஷின். பிறகு ஒரு காலை முன்னால் நீட்டி, மூச்சு விடும்போது இறக்குவது. தோளைக் காதுவரை ஏற்றிப் பின்பக்கமாக உருட்டுவது. கையை மூச்சோடு மெதுவாகத் தூக்குவது, இழுப்பு தெரிகிற இடத்தில் நின்றுவிட வேண்டும், வலி வரும்வரை போகக்கூடாது. கடைசி ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது. ஒவ்வொன்றும் ஐந்து முறைதான். எண்ணிக்கையைவிட வேகத்தில்தான் அவர் கறாராக இருந்தார். "மூச்சு முன்னாடி போகணும், கை பின்னாடி போகணும்" என்பார். நான் அவசரக்காரி, இதற்கே எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அவர் சொன்ன கணக்கு எளிது. செய்யும்போது பேச முடிய வேண்டும். முடித்துக் கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் காலையில் வழக்கத்தைவிட அதிகமாக அசந்து கிடந்தால், நேற்று செய்தது அதிகம், இன்று பாதி. "இன்னும் கொஞ்சம் செய்யலாம் போல இருக்கே" என்று தோன்றும்போதே நிறுத்த வேண்டும். என் மிஷினில் நூல் டென்ஷன் திருகை முறுக்குவது மாதிரிதான். தளர்ந்தால் தையல் தொங்கும் என்று அரைச் சுற்று கூடுதலாக முறுக்கினால், பாதித் தையலில் நூல் அறுந்துபோகும்.

தோளுக்குத் தனியாக ஒன்று: சுவர் பக்கம் திரும்பி நின்று, விரல்களால் சுவரில் படிப்படியாக ஏறுவது. அறுவை சிகிச்சைக்கு அப்புறம் இதையும் சொல்லித்தந்தார்கள். எட்டிய இடத்தில் துணியில் மார்க் போடுகிற சாக்கால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. முதல் கோடு என் தோள் உயரம். சில வாரம் அரை அங்குலம் ஏறும், சில வாரம் ஒன்றுமில்லை, கீமோ வாரத்தில் இறங்கிவிடும். இறங்கியதையும் போட்டு வைத்தேன், அளவெடுப்பதில் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

இஞ்ச் டேப் கழுத்திலேயே தொங்குவதால் இன்னொரு வேலையும் செய்தேன். நெறிக்கட்டி எடுத்தவர்களுக்குக் கை வீங்க வாய்ப்பு உண்டு. முழங்கைக்கு 10 செ.மீ. மேலும் கீழும் இரண்டு கையையும் மாதம் ஒருமுறை அளந்து எழுதிவைக்கிறேன். இரண்டு கைக்கும் 2 செ.மீ. வித்தியாசம் வந்தாலோ, வளையல் திடீரென்று இறுகினாலோ, கை கனத்தாலோ காட்ட வேண்டும். அந்தக் கையில் ஊசி, பிபி பார்ப்பது இரண்டையும் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நர்ஸ் மறந்தால் நான் நினைவுபடுத்துவேன்.

முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நான்காவது வாரம் குளித்துவிட்டு வந்து, படுக்காமல் நேராகச் சமையலறைக்குப் போயிருக்கிறேன். அத்தை கவனித்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஆபத்து வந்தது நல்ல நாளில். அடுத்த கீமோவுக்கு முந்தின வாரம் உடம்பு திடீரென்று லேசானது. சரி, பழைய ஆளாகிவிட்டோம் என்று ஆறு லைனிங் பிளவுஸ் வெட்டினேன், வீடு கழுவினேன், சுவர்ப் பயிற்சியை மூன்று தடவை செய்தேன். அதற்கு நான்கு நாள் வட்டி கட்டினேன். படுத்தே கிடந்து, அடுத்து ஒரு நாள் துள்ளி, மறுபடி கிடப்பது. இந்த ஊஞ்சல்தான் அசதியை இழுத்துக்கொண்டே போகிறது என்று பிசியோ தம்பி சொன்னார். அதற்கப்புறம் நல்ல நாளிலும் எட்டு நிமிடம், இரண்டு பிளவுஸ். மோசமான நாளில் படுக்கையிலேயே மூச்சும் பாதமும் மட்டும், ஆனால் அதே நேரத்தில். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். கரண்ட் வைக்கப் போன நாட்களில் காலையில் 15 நிமிடம், மாலையில் தெருக்கோடி வரை நடை. கடைசி வாரம் அசதி மறுபடி ஏறியது. ஏறும் என்று முன்னாலேயே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை, குறைத்துக்கொண்டேன்.

பாக்ளிடாக்சல் ஆரம்பித்துப் பாதியில் பாதம் மரத்தது. மிஷின் பெடலில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. நடந்தால் பஞ்சுமேல் மிதிப்பது போல. அப்போது பிசியோ தம்பி நின்று செய்யும் ஒன்றைச் சேர்த்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, உடம்பின் கனத்தை ரொம்ப மெதுவாக வலது காலுக்கு மாற்றி, அங்கே நின்று, மறுபடி இடதுக்கு. தண்ணீர் நிரம்பிய குடம் இடுப்பில் இருப்பது போல அலுங்காமல் போக வேண்டும். சீனாவின் தாய் சியில் இப்படித்தான் செய்வார்கள் என்று மகள் போனில் காட்டினாள். ஒரு தாத்தா பூங்காவில் நின்று காற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

அவள் கல்லூரியில் படிப்பவள், தேடித் தேடி வாசித்துச் சொல்வாள். 2024-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமான ஆஸ்கோ, இன்னொரு சங்கத்தோடு சேர்ந்து அசதிக்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சிகிச்சை நடக்கும்போதே உடற்பயிற்சி, மனதை நிதானப்படுத்தும் பயிற்சி, தாய் சி அல்லது அதைப் போன்ற இன்னொரு சீனப் பயிற்சியான சிகோங் ஆகியவற்றைப் பரிந்துரைக்கலாம் என்கிறது. சிகிச்சை முடிந்தவர்களுக்கு யோகாவும் பட்டியலில் உண்டு. தூக்கத்துக்கு ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று: சிகிச்சை முடித்த 410 பேர், வாரம் இரண்டு முறை 75 நிமிடம், நான்கு வாரம். எல்லாம் மென்மையான ஆசனம், மூச்சு, தியானம். அவர்களில் பாதிப் பேர் யோகா செய்தார்கள், அவர்களுக்குத் தூக்கம் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியது, தூக்க மாத்திரையும் குறைந்தது. 2017-ல் கலிஃபோர்னியாவில் தூக்கம் கெட்டிருந்த 90 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் தாய் சியையும், தூக்கமின்மைக்கென்றே இருக்கும் பேச்சு சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். ஒன்றேகால் வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேர் தேறியிருந்தார்கள். தாய் சி தோற்கவில்லை. எனக்குப் பிடித்தது அந்த "பாதிக்குக் குறைவு" என்பதுதான். எல்லோருக்கும் நூறு சதவீதம் என்று சொல்லியிருந்தால் அந்த வேர்வை மாஸ்டர் நினைவுக்கு வந்திருப்பார்.

ராத்திரிக்கு நான் செய்வது வேறு. ஒன்பதரைக்குப் பாயில் படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலி மேல் வைத்துக்கொள்வேன். இடது கைக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை. போனில் யோக நித்திரை ஒலிப்பதிவு. வலது கட்டைவிரலில் ஆரம்பித்து உடம்பின் ஒவ்வொரு பாகமாக நினைக்கச் சொல்லும் குரல். முதல் நாள் நன்றாகத்தான் போனது. "வலது மார்பு... இடது மார்பு..." என்றதும் நினைப்பு போய் நிற்க இடமில்லை. அங்கே ஒரு நீளக் கோடு, மரத்துப்போன தோல். எழுந்து உட்கார்ந்து அழுதேன். வாரக்கணக்கில் வராத அழுகை. அவர் விளக்கைப் போட்டார், ஒன்றும் கேட்கவில்லை, தண்ணீர் கொடுத்தார். இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு மகளைத் தன் குரலில் பதிவு செய்து தரச் சொன்னேன். அவள் அந்த இடத்தில் "தழும்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்துப் போய்விடுகிறாள். அது போதுமாக இருக்கிறது. உங்களுக்கும் எந்த ஒலிப்பதிவாவது எங்காவது குத்தினால், நிறுத்துங்கள், மாற்றுங்கள்.

இதைத் தூக்க மாத்திரை மாதிரி நினைத்துச் செய்தால் வேலைக்காகாது. "தூக்கம் வருதா, வருதா" என்று பார்த்துக்கொண்டிருந்தால் வந்த தூக்கமும் போய்விடும். உடம்பு கிடந்தால் போதும் என்று விட்டுவிட வேண்டும். ரொம்ப நேரம் புரண்டால் எழுந்து கூடத்துக்குப் போய்விடுவேன். அங்கே பட்டன் டப்பா இருக்கிறது. மங்கலான விளக்கில் வெள்ளையை வெள்ளையோடு, நாலு ஓட்டையை நாலு ஓட்டையோடு பிரிப்பேன். இதைவிட அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. கண் சொருகியதும் பாய்க்குத் திரும்புவேன். எப்போது தூங்கினாலும் காலையில் ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். பகல் தூக்கம் அரை மணி நேரம், அதுவும் மூன்று மணிக்கு முன்னால். பகலில் அத்தை எழுப்ப மனம் வராமல் விட்டுவிட்டதால் எத்தனையோ இரவுகள் போயின, இப்போது அலாரம். டமாக்ஸிஃபென் ஆரம்பித்த பிறகு நடுராத்திரியில் குப்பென்று வேர்க்கிறது. பருத்தி நைட்டி, தலைமாட்டில் ஒரு துண்டு, மெதுவாக நீண்ட மூச்சு. வேர்வை நிற்காது, பதற்றம் குறையும்.

செய்யக்கூடாத நாளும் உண்டு. காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பயிற்சி பற்றிய பேச்சே இல்லை, கீமோவில் இருப்பவர் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ராத்திரி ஒரு மணியானாலும். நெஞ்சு வலி, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, தலைசுற்றல், புதிதாக ஒரு எலும்பு வலி, ரத்தத் தட்டணுக்கள் ரொம்பக் குறைவு என்றாலும் நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். எலும்புக்குப் பரவியவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள் முதுகைத் திருகுவது, குனிவது எல்லாம் கூடாது. மணப்பாறை அக்காவுக்கு மூச்சும் பாதமும் தவிர வேறெதுவும் தரவில்லை, அதற்கு அதுதான் காரணம். நான் செய்ததைப் பார்த்து அவரும், அவர் செய்ததைப் பார்த்து நானும் செய்திருந்தால் இருவருக்குமே கெடுதல். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுப் பயிற்சிகள், தலைகீழ் ஆசனங்கள் பக்கம் நான் போவதே இல்லை.

இன்றைக்கு அசதிக்கு மூன்று மார்க், சில நாள் ஐந்து. பூஜ்யம் வரவில்லை. ஒரு நாளைக்கு எட்டுப் பிளவுஸ் தைத்தவள் இப்போது மூன்று தைக்கிறேன். ராத்திரி ஐந்தரை மணி நேரம் தூங்குகிறேன், நடுவில் ஒரு விழிப்போடு. மணப்பாறை அக்கா வாரத்துக்கு ஒரு முறை போன் செய்வார். "மிஷின் ஓடுதா?" என்பதுதான் முதல் கேள்வி. எந்த மிஷினைக் கேட்கிறார் என்று நானும் கேட்டதில்லை, ஓடுதுக்கா என்பேன்.

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்திருந்தார் என் வீட்டுக்காரர். அந்தச் சுவரை விட்டுவிடச் சொல்ல மறந்துபோனேன். மதியம் வந்து பார்த்தால் தேதிகளோடு கோடுகள் எல்லாம் போய்விட்டன. வலது கை எட்டும் உயரத்துக்கு இடது கை இன்னும் ஒன்றரை அங்குலம் குறைகிறது. சுவர் காயும்வரை பொறுத்திருந்து, சாயங்காலம் சாக்கை எடுத்து இரண்டு கைக்கும் ஒவ்வொரு கோடு போட்டு வைத்தேன்.